துண்டுவிழும் காலத்தில் சபை உறுப்பினர் சம்பளம்

அரசாங்கத்தின் கையில் காசு முடிந்துபோனால் முதலில் யாருடைய சம்பளத்தில் கை வைப்பது? எந்த நாட்டுச் சந்தியில் நின்று கேட்டாலும் பதில் ஏறத்தாழ ஒன்றுதான். "மேலே இருக்கிற ஆக்களுக்குக் குடுக்கிறத முதல்ல நிப்பாட்டச் சொல்லுங்க" என்பார்கள். மேலே இருக்கிறவர்கள் என்றதும் அமைச்சரும் பாராளுமன்ற உறுப்பினரும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் அரச ஊழியருக்கும் நடுவில் இன்னொரு கூட்டம் உண்டு. அவர்கள் வாக்குப் பெற்று வந்தவர்களும் அல்லர், போட்டிப் பரீட்சை எழுதி வந்தவர்களும் அல்லர். ஆட்சியில் உள்ளவர் நியமனக் கடிதம் கொடுத்ததால் சபைகளிலும் ஆணைக்குழுக்களிலும் கூட்டுத்தாபனங்களிலும் உட்கார்ந்திருப்பவர்கள்.

வரவு செலவுத் திட்டத்தில் பெரிய தொகை துண்டுவிழும் ஆண்டுகளில் இவர்களுக்குரிய வேதனத்தை இடைநிறுத்த வேண்டும் என்ற கோரிக்கை பல நாடுகளில் எழுந்திருக்கிறது. கேட்டவுடன் "சரிதானே!" என்று சொல்லத் தோன்றும். எனக்கும் அதில் பாதிக்கு மேல் உடன்பாடுதான். ஆனாலும் அதை எப்படிச் செய்வது, யாருக்குச் செய்வது, யார் கையால் செய்வது என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் சொல்லாமல் செய்தால் காசும் மிஞ்சாது, நியாயமும் மிஞ்சாது. இந்தக் கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தில் ஒன்றாக எழுந்தது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 2009 தொடங்கிய இரண்டு மூன்று ஆண்டுகளில். அந்தக் கதையைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

கலிபோர்னியாவில் நடந்தது

2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் வீடுகளின் விலை சரிந்தது, வேலைகள் போயின, வரி வருமானம் விழுந்தது. 2009 பெப்ரவரியில் கலிபோர்னியா ஒரு பெரிய பற்றாக்குறையை ஒருவாறு சமாளித்தது. நடு ஆண்டு வருவதற்குள் இன்னொரு 26 பில்லியன் டொலர் அளவுக்குத் துண்டுவிழுந்தது. ஜூலை 2ஆம் திகதி முதல் அந்த மாநிலம் தான் கொடுக்க வேண்டிய பலருக்குக் காசோலைக்குப் பதிலாக "பிறகு தருவோம்" என்ற கடன்சீட்டுகளை எழுதிக் கொடுக்கத் தொடங்கியது. அப்படி எழுதிக் கொடுத்தது மொத்தம் ஏறத்தாழ 2.6 பில்லியன் டொலர். உலகத்தின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்றாக எண்ணப்படுகிற ஒரு மாநிலம் கடைக்காரரிடம் கொப்பியில் எழுதச் சொல்வது போல நின்றது.

மாநில ஊழியர்களுக்கு 2009 பெப்ரவரியிலிருந்து மாதத்துக்கு இரண்டு நாள் சம்பளமில்லாக் கட்டாய விடுமுறை கொடுக்கப்பட்டது. ஜூலையில் அது மூன்று நாளானது. மாதச் சம்பளத்தில் ஏறத்தாழ 14 வீதம் போனது என்று பொருள். இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானவர்களை இது தொட்டது. அலுவலக எழுதுவினைஞர், வாகன அனுமதிப்பத்திரம் கொடுக்கிற கவுண்டரில் இருக்கிறவர் எல்லோரும் இதில் அடக்கம். மாநில அதிகாரிகளுக்குரிய வேதனத்தைத் தீர்மானிக்கிற ஆணைக்குழு ஒன்றும் அங்கே உண்டு. ஆளுநர் நியமிக்கும் ஏழு பேர் அதில் இருப்பார்கள். அந்த ஆணைக்குழு 2009இல் சட்டசபை உறுப்பினர்களின் ஆண்டுச் சம்பளத்தை 18 வீதம் வெட்டி, 116,208 டொலரிலிருந்து 95,291 டொலருக்குக் கொண்டுவந்தது.

இப்படி ஊழியருக்கும் வெட்டு, உறுப்பினருக்கும் வெட்டு என்று நடந்துகொண்டிருந்தபோதுதான் நியமன சபைகள் மீது மக்களின் பார்வை திரும்பியது.

குப்பைச் சபை சொன்ன பாடம்

அப்போது எல்லோர் வாயிலும் அடிபட்டது கலிபோர்னியாவின் ஒருங்கிணைந்த கழிவு முகாமைத்துவச் சபை. 1989ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றால் உருவான சபை அது. குப்பை மேடுகளைக் கண்காணிப்பதும் மீள்சுழற்சியை வளர்ப்பதும் அதன் வேலை. உறுப்பினர் ஆறு பேர். நான்கு பேரை ஆளுநரும், மற்ற இருவரைச் சட்டசபையின் இரண்டு அவைகளும் ஆளுக்கொருவராக நியமிக்கும். ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 132,000 டொலர். சட்டசபை உறுப்பினருக்குக் கிடைத்ததை விடவும் அதிகம். பதவிக்கால வரம்பு முடிந்து வெளியே வந்த அரசியல்வாதிகள் அடுத்த தேர்தல் வரும்வரை தங்கிப்போகிற மடம் என்று அதற்கு ஒரு பெயரும் இருந்தது.

2009 ஜூலை 28ஆம் திகதி ஆளுநர் ஆர்னல்ட் ஷ்வார்ஸ்நெகர் அந்தச் சபையை ஒழிக்கும் சட்டத்தில் ஒப்பமிட்டார். 2010 ஜனவரி 1 முதல் சபை இல்லை. அதன் வேலையை ஒரு திணைக்களம் எடுத்துக்கொண்டது.

இனி இதன் கணக்கைப் பார்ப்போம். ஆறு பேருக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு இலட்சம் டொலர். துண்டுவிழுந்தது 26 பில்லியன். பற்றாக்குறையின் ஒவ்வொரு இலட்சம் டொலருக்கும் இந்த ஆறு பேரின் சம்பளம் மூன்று டொலர்தான். இப்படி இன்னும் ஐம்பது சபைகளைக் கூட்டிச் சேர்த்தாலும் ஓட்டை அடைபடாது.

அதற்குள் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்தச் சபை நடந்தது மாநிலத்தின் பொது நிதியத்தில் அல்ல. குப்பை மேட்டில் கொட்டுகிற ஒவ்வொரு தொன்னுக்கும் அறவிடப்பட்ட 1 டொலர் 40 சதம் கட்டணம்தான் அதன் முக்கிய வருமானம். கல்விக்கும் சுகாதாரத்துக்கும் பணம் வருகிற பை வேறு, குப்பைக் கட்டணம் விழுகிற பை வேறு. ஒரு பையில் மிச்சம் பிடித்தது மற்றப் பைக்குத் தானாகப் போய்விடாது. நம் வீட்டில் சீட்டுக்காசை ஒரு டப்பாவிலும் கரண்டு பில்லுக்கு உள்ளதை இன்னொரு டப்பாவிலும் வைத்திருப்பது மாதிரி. ஆகவே "சபை உறுப்பினருக்கு நிறுத்தினால் பள்ளிக்கூடத்துக்குக் காசு வரும்" என்று மேடையில் யாராவது சொன்னால், எந்தப் பையிலிருந்து எந்தப் பைக்கு என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

பிறகு ஏன் அதைக் கேட்கிறார்கள்?

கணக்கு இவ்வளவு சின்னது என்றால் கோரிக்கையே வீண் என்று சிலர் முடித்துவிடுவார்கள். அது சரியாகப் படவில்லை. மாதத்தில் மூன்று நாள் சம்பளத்தை இழந்த ஒரு எழுதுவினைஞரை நினைத்துப் பாருங்கள். வாடகையும் பிள்ளையின் பால்மாவும் குறையவில்லை, சம்பளம் மட்டும் குறைந்தது. அவருக்கு மேலே, மாதத்தில் சில நாள் கூடுகிற ஒரு சபையின் உறுப்பினருக்கு முழுத்தொகையும் போய்க்கொண்டிருந்தால், "நாடு கஷ்டத்தில் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்ற வார்த்தையை அவர் எப்படி நம்புவார்?

அரசாங்கம் மக்களிடம் கேட்கிற பொறுமைக்கு ஒரு அடிப்படை வேண்டும். சுமை மேலிருந்து கீழே வரிசையாக இறங்குகிறது என்ற நம்பிக்கைதான் அந்த அடிப்படை. அது உடைந்த இடத்தில் வரி கொடுக்கிறவன் ஒளிக்கப் பார்க்கிறான், வேலை செய்கிறவன் கை தளர்கிறான். எட்டு இலட்சம் டொலரைவிட இந்த நட்டம் பெரிது. ஆகவே வேதன இடைநிறுத்தத்தின் பெறுமதியைத் திறைசேரிக் கணக்கில் தேடக்கூடாது, நம்பிக்கைக் கணக்கில் தேட வேண்டும். அப்படித் தேடினால்தான் அடுத்து வரும் சிக்கல்களின் கனமும் புரியும். நம்பிக்கைக்காகச் செய்கிற ஒரு காரியம் வேறொரு நம்பிக்கையை உடைத்துவிடக் கூடாதல்லவா?

முதலாவது சிக்கல்: நிறுத்துகிற கை யாருடையது?

"சபை" என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று வகையான இடங்களைக் குறிக்கிறோம். ஆலோசனை மட்டும் சொல்கிற சபைகள் ஒரு வகை. ஒரு தொழிலையோ துறையையோ ஒழுங்குபடுத்துகிறவை இரண்டாவது வகை. வழக்குக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறவை மூன்றாவது வகை. கலிபோர்னியாவில் மின்சார, எரிவாயுக் கம்பனிகளின் கட்டணத்தைத் தீர்மானிக்கிற பொதுப் பயன்பாட்டு ஆணைக்குழுவில் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஆளுநர் நியமிக்கிறார், பதவிக்காலம் ஆறு ஆண்டு. பல கோடி டொலர் புரள்கிற தீர்மானங்களை எடுக்கிறவர்கள் அவர்கள். வேலையிழந்தோர் கொடுப்பனவு மறுக்கப்பட்டவர்களின் மேன்முறையீட்டைக் கேட்க இன்னொரு சபை இருக்கிறது. 2009இன் பிற்பகுதியில் அங்கே வேலையில்லாதோர் வீதம் 12ஐத் தாண்டியிருந்தது. நெருக்கடி கூடக் கூட இந்தச் சபைக்கு வேலையும் கூடும். எல்லாச் சபைக்கும் ஒரே விதி என்று போட்டால், வேலை அதிகமாகிற நேரம் பார்த்து இவர்களின் சம்பளத்தை நிறுத்த வேண்டி வரும்.

இதைவிடப் பாரதூரமானது, நிறுத்தவும் திறக்கவும் கூடிய குழாய் யார் கையில் இருக்கிறது என்பது. அரசாங்கத்துக்குப் பிடிக்காத ஒரு தீர்ப்பை ஆணைக்குழு சொல்லிவிட்டது என்று வைப்போம். அடுத்த மாதமே "நிதி நெருக்கடி" என்று அறிவித்து வேதனத்தை நிறுத்த ஏலும் என்றால், அதற்கடுத்த தீர்ப்பு எப்படி வரும்? 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. கூட்டாட்சி நீதிபதிகளின் வேதனத்தைப் பதவியில் இருக்கும்போது குறைக்கக் கூடாது என்கிறது. ஜனாதிபதியின் வேதனத்தைப் பதவிக்காலத்துக்குள் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்கிறது. நம்முடைய 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 108ஆம் உறுப்புரையும் உயர் நீதிமன்ற, மேன்முறையீட்டு நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளத்தை நியமனத்துக்குப் பின் குறைக்க முடியாது என்றே சொல்கிறது. இது நீதிபதிமாருக்குக் கொடுத்த சலுகை என்று நினைக்கத் தேவையில்லை. அரசாங்கத்துக்கு எதிராக வழக்குப் போடுகிற சாதாரண ஆளுக்குக் கொடுத்த பாதுகாப்பு அது.

குழாய் யார் கையில் என்பதில் 2011இல் கலிபோர்னியாவிலேயே ஒரு நாடகம் நடந்தது. 2010 நவம்பரில் மக்கள் வாக்களித்து ஒரு விதியை நிறைவேற்றியிருந்தார்கள். ஜூன் 15ஆம் திகதிக்குள் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றாவிட்டால், தாமதமாகிற ஒவ்வொரு நாளுக்கும் சட்டசபை உறுப்பினருக்குச் சம்பளம் இல்லை, பிறகும் அது திரும்பக் கிடைக்காது. 2011 ஜூன் 15 அன்று சட்டசபை ஒரு திட்டத்தை நிறைவேற்றியது. மறுநாள் ஆளுநர் ஜெரி பிரவுன் அதை நிராகரித்தார். மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் ஜோன் சியாங், "இந்தத் திட்டத்தில் வரவும் செலவும் சமப்படவில்லை" என்று சொல்லி உறுப்பினர்களின் சம்பளத்தை நிறுத்தினார். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 400 டொலர் வீதம் 12 நாள் போனது. ஊரெல்லாம் கைதட்டியது. சட்டசபைத் தலைவர்கள் நீதிமன்றம் போனார்கள். திட்டம் சமப்பட்டதா இல்லையா என்று தீர்மானிக்கிற அதிகாரம் கட்டுப்பாட்டாளருக்கு இல்லை என்று 2012இல் தீர்ப்பு வந்தது, 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

கைதட்டலுக்கு நடுவே நீதிமன்றம் கண்ட ஆபத்து இதுதான்: விதி நல்லதாக இருந்தாலும், "இப்போது விதி பொருந்துகிறது" என்று சொல்லும் அதிகாரம் தனியொரு அதிகாரியிடம் போய்ச் சேர்ந்தால் சட்டசபையின் கழுத்தே அவர் கையில் வந்துவிடும். தேர்தலில் வென்று வந்த உறுப்பினருக்கே இந்தக் கதி என்றால், ஒரு கடிதத்தால் வந்து இன்னொரு கடிதத்தால் போகக்கூடிய நியமன உறுப்பினரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது சிக்கல்: வேதனமில்லாமல் யார் வருவார்?

எல்லாச் சபை உறுப்பினரும் இலட்சம் டொலர் வாங்குகிறவர் அல்லர். கலிபோர்னியாவில் தொழில் அனுமதிப்பத்திரம் கொடுக்கிற சபைகள் நிறைய இருக்கின்றன. மருத்துவர், தாதியர், முடிதிருத்துநர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒன்று. அந்த உறுப்பினர்களுக்குச் சம்பளமே இல்லை. சபை வேலை செய்த நாளுக்கு 100 டொலரும் பயணச் செலவும் மட்டும் சட்டத்தில் இருந்தது. அந்த 100 டொலரையும் நிறுத்தினால் என்ன நடக்கும்? சொந்தமாக வைத்தியசாலை வைத்திருக்கிற மருத்துவர் எப்படியும் வருவார். அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வர வேண்டிய தாதியோ முடிதிருத்துநரோ வரமாட்டார். சபை மெல்ல மெல்ல வசதி உள்ளவர்களின் கழகமாகும். அதைவிட மோசம், சபை யாரைக் கட்டுப்படுத்த வேண்டுமோ அவர்களிடமே சம்பளம் வாங்குகிறவர்கள் "நாங்கள் சும்மா வேலை செய்கிறோம்" என்று வந்து உட்காருவார்கள். அரசாங்கம் கொடுக்காவிட்டால் வேறு யாரோ கொடுப்பார்கள். கொடுப்பவரின் பெயர் மட்டும் வெளியே தெரியாது.

பொது வேலைக்கு ஏன் வேதனம் என்ற கேள்விக்கு நம் வாசகர்களுக்குத் தெரிந்த பழைய சான்று ஒன்று இருக்கிறது. அபூபக்ர் (ரழி) அவர்கள் கலீபாவாகப் பொறுப்பேற்ற பின்னும் துணி வியாபாரத்துக்குச் சந்தைக்குப் புறப்பட்டதாகவும், அப்படியானால் மக்கள் காரியத்தை யார் பார்ப்பது என்று கேட்டு பைத்துல்மாலிலிருந்து அவருக்கு ஒரு தொகை நிர்ணயிக்கப்பட்டதாகவும் வரலாறு சொல்கிறது. வேதனம் கொடுத்தது ஆளைக் கௌரவிக்க அல்ல, அவருடைய நேரத்தை மக்களுக்கு ஒதுக்கித் தர. உமர் (ரழி) அவர்கள் பொதுப் பணத்தில் தன் நிலையை அநாதையின் சொத்தைப் பராமரிக்கிறவரின் நிலைக்கு ஒப்பிட்டதாக வருகிறது. வசதி இருந்தால் தொடாமல் விடுவது, தேவை இருந்தால் நியாயமான அளவு எடுப்பது என்பது அந்த ஒப்பீட்டின் கருத்து. ஹிஜ்ரி 18இல் வந்த ரமாதா பஞ்சத்தின்போது மக்களுக்குக் கிடைக்கும்வரை நெய்யும் இறைச்சியும் தனக்கு வேண்டாம் என்று அவர் ஒதுக்கியதும் நாம் அறிந்ததே.

இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. வாழ்க்கைக்குத் தேவையானதும், அதற்கு மேலே இருப்பதும் ஒன்றல்ல. பஞ்ச காலத்தில் கை வைக்க வேண்டியது மேலே இருப்பதில். இந்த வேறுபாட்டைக் காணாமல் "எல்லாச் சபைக்கும் எல்லாம் நிறுத்து" என்று சொல்வது நீதியாகத் தோன்றும், ஆனால் முதலில் வெளியே போவது ஏழைதான்.

அப்படியானால் விதி எப்படி இருக்க வேணும்?

இதற்கும் கலிபோர்னியாவில் ஒரு மாதிரி இருக்கிறது. 2009 மே 19ஆம் திகதி அங்கே ஆறு முன்மொழிவுகள் மக்கள் முன் வைக்கப்பட்டன. ஐந்தை மக்கள் தோற்கடித்தார்கள். ஏறத்தாழ 74 வீத ஆதரவோடு ஒன்று மட்டும் வென்றது. பற்றாக்குறை உள்ள ஆண்டில் ஆளுநர் முதல் சட்டசபை உறுப்பினர் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரிகளுக்குச் சம்பள உயர்வு இல்லை என்பது அது. விதி எழுதப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1ஆம் திகதிக்குள் நிதிப் பணிப்பாளர் ஒரு சான்று கொடுக்க வேண்டும். அவசர கால நிதியத்தின் மீதி, பொது நிதியத்தின் ஒரு வீதத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ கீழிறங்கி மறை எண்ணாகப் போகுமானால் உயர்வு கிடையாது. திகதி இருக்கிறது, எண் இருக்கிறது, சான்று தர வேண்டியவர் யார் என்பதும் இருக்கிறது. கோபத்தில் எடுக்கிற முடிவுக்கு அங்கே இடமில்லை. குறை என்னவென்றால் அது உயர்வை மட்டும்தான் தடுத்தது, நியமன உறுப்பினர்களை அது தொடவேயில்லை.

இந்த மாதிரியை நியமன சபைகளுக்கு நீட்டினால் என் பார்வையில் விதி இப்படி அமையலாம். ஒன்று, எந்த அளவு துண்டுவிழுந்தால் நிறுத்துவது என்பதை நெருக்கடி வருமுன்பே எண்ணில் எழுதி வைப்பது. நெருக்கடி வந்த பிறகு எழுதுகிற விதியில் யாரோ ஒருவரின் பெயர் மறைந்திருக்கும். இரண்டு, சம்பளம் வாங்குகிற உறுப்பினரையும் கூட்டத்துக்குச் சின்னக் கொடுப்பனவு வாங்குகிறவரையும் வேறாக்குவது. பயணச் செலவையும் நாள் கொடுப்பனவையும் தொடாமல் விடுவது. மூன்று, தீர்ப்புச் சொல்கிற சபைகளை விதிக்கு வெளியே வைப்பது, அல்லது அடுத்து நியமிக்கப்படுகிறவருக்கு மட்டும் பொருந்தச் செய்வது. நான்கு, நிறுத்தினால் எல்லோருக்கும் ஒரே நாளில் நிறுத்தி ஒரே நாளில் திறப்பது. ஐந்து, சம்பளத்தோடு வாகனம், எரிபொருள், தொலைபேசி எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்ப்பது. சம்பளத்தை நிறுத்திவிட்டு வாகனத்தை விட்டு வைத்தால் அது வெறும் படம் காட்டுகிற வேலை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: இந்தச் சபை தேவையா? ஒரு ஆண்டு முழுக்க உறுப்பினருக்கு வேதனம் கொடுக்காமலே காரியம் குறைவில்லாமல் நடந்தால், அந்த வேதனம் எதற்கு இருந்தது என்று கேட்கலாம். வேதனம் நின்றதும் காரியம் நின்றுவிட்டால், அந்த வேலைக்கு ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். கலிபோர்னியா குப்பைச் சபை விஷயத்தில் கடைசியில் வந்து நின்றது இந்தக் கேள்வியில்தான். அங்கே ஒழிந்தது ஆறு கதிரைகள். குப்பைக் கண்காணிப்பு வேலை தொடர்ந்து நடந்தது.

நமக்கு இதில் என்ன?

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக நம் நாடு அறிவித்தது. அந்த ஆண்டு ஜூனில் வெள்ளிக்கிழமையில் வீட்டிலிருந்து பயிர்செய்யுங்கள் என்று அரச ஊழியருக்குச் சொல்லப்பட்டது. சம்பளமில்லாமல் ஐந்து ஆண்டு வரை லீவு எடுத்து வெளிநாடு போகவும் வழி திறக்கப்பட்டது. எங்கள் ஆசிரியர் அறைகளில் அப்போது எவ்வளவோ பேச்சு. பெற்றோல் வரிசையில் நின்றுவிட்டு வகுப்புக்கு வந்தவர்கள், கூட்டுத்தாபனத் தலைவர்மாரைப் பற்றியும் பணிப்பாளர் சபைகளைப் பற்றியும் சொன்னதை எல்லாம் இங்கே எழுத ஏலாது. கோபம் நியாயமானது. ஆனால் கோபம் அடங்கியதும் நாம் பேச்சையும் விட்டுவிட்டோம். எந்த நிலைமை வந்தால் எந்தச் சபைக்கு எது நிற்கும் என்று எழுதி வைக்க வேண்டிய காலம் உண்மையில் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

சின்ன அளவில் இதே கேள்வி நம் ஊர்களிலும் உண்டு. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையில், பாடசாலை அபிவிருத்திக் குழுவில் இருக்கிறவர்கள் வேதனம் வாங்குவதில்லை. அதை நாம் பெருமையாகச் சொல்கிறோம், பெருமைதான். ஆனால் அந்தக் கதிரைகளில் யார் உட்காருகிறார்கள் என்றும் ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாம். கடையைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு வரக்கூடியவர் வருகிறார். கடலுக்குப் போகிறவரும் வயலுக்குப் போகிறவரும் கூட்டம் நடக்கிற நேரத்தில் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களும் வந்து இருக்க வேண்டும் என்று நாம் விரும்பினால், ஒரு நாள் உழைப்பின் பெறுமதியை யார் கொடுப்பது என்று பேசத்தான் வேண்டும்.